பாதயாத்திரையில் வரும் தோழியைத் திருகோணமலையில் எங்கே சந்திப்பது?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே கேள்வி வருடா வருடம் வேறு பலருக்கும் வருவதுதான். உங்கள் பள்ளித் தோழி தன் அம்மம்மாவோடு யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிறார். கடைசியாகக் கதைத்தபோது முல்லைத்தீவுப் பக்கம் வற்றாப்பளையில் நின்றார். அவருடைய போன் பாதி நேரம் எடுபடுவதில்லை. நீங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து திருகோணமலைக்கு வந்து அவரைச் சந்தித்து, ஓர் இரவு அவர்களோடு தங்கி, மறுநாள் கொஞ்சத் தூரம் கூட நடக்க விரும்புகிறீர்கள். எங்கே போய் நிற்பது, இரவில் எங்கே தங்குவார்கள் என்பதுதான் கேள்வி.

நடந்து வருகிறவர்களை வீதியில் தேடிப் போகாதீர்கள். அவர்கள் வந்தே ஆகவேண்டிய இடத்துக்கு நீங்கள் முன்கூட்டியே போய் இருங்கள். அப்படிப்பட்ட இடம் இரண்டு வகை: ஒன்று இரவு தங்கும் கோயில், மற்றது பாலம். மற்ற இடத்தில் எல்லாம் வழி பிரியும். கிராமத்துக்குள் வந்தால் ஒரு பகுதி ஒழுங்கையால் போகும், ஒரு பகுதி கடற்கரையோரமாகப் போகும், இரண்டு பேர் தெரிந்தவர் வீட்டில் தேத்தண்ணி குடிக்க நின்றுவிடுவார்கள். பாலத்தில் அப்படி இல்லை, எல்லாரும் ஒரே வழியால்தான் ஏறி இறங்க வேண்டும். கோயில் மண்டபமும் அப்படித்தான். எவ்வளவு பிந்தினாலும் படுக்க அங்கேதான் வருவார்கள்.

வீதியில் தேடுகிறவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்றால், நடையின் நேரம் அவர்களுக்குத் தெரிவதில்லை. வைகாசி, ஆனி மாதங்களில் எங்கள் பக்கம் மழை இல்லை, கச்சான் காற்று வீசும், மத்தியானத்தில் தார் வீதியில் வெறுங்காலை வைக்க முடியாது. அதனால் சாமிமார், அதாவது நடந்து வரும் அடியார்கள், விடியப்புறம் 3, 4 மணிக்கே எழும்பி நடக்கத் தொடங்குவார்கள். 9, 10 மணிக்குள் அன்றைய நடையில் பெரும்பகுதி முடிந்துவிடும். பிறகு மரநிழலிலோ கோயிலிலோ ஒதுங்கி, சமைத்துச் சாப்பிட்டு, படுத்து எழும்பி, வெயில் தாழ்ந்த பிறகு மிச்சத்தை நடப்பார்கள். நீங்கள் 11 மணி பஸ்ஸில் நிலாவெளி வீதியால் வந்தால் ஒரு காவி வேட்டியும் கண்ணில் படாது. அவர்கள் வீதியில் இருந்து 100 மீற்றர் உள்ளே படுத்திருப்பார்கள்.

இன்னொன்று, குழு ஒன்றாகச் சேர்ந்து வரும் என்று நினைக்காதீர்கள். வேல் பிடித்தவரும் கால் பலமான இளைஞர்களும் முன்னால் போய்விடுவார்கள். வயதானவர்கள் இரண்டு மூன்று கிலோமீற்றர் பின்னால் தங்கள் பாட்டில் வருவார்கள். உங்கள் தோழி அம்மம்மாவோடு வருகிறார், அப்படியானால் அவர் கடைசிப் பகுதியில்தான் இருப்பார். வேல் வந்துவிட்டது, அவளைக் காணவில்லையே என்று பதறி இடத்தை விட்டுக் கிளம்பாதீர்கள். அரோகராச் சத்தம் போன பிறகும் ஒரு மணித்தியாலம் நில்லுங்கள்.

தோழியிடம் நீங்கள் இப்போதே கேட்டு வைக்க வேண்டியது, "எங்கே நிற்கிறாய்" என்பதை விட, "யாருடைய குழு" என்பது. இந்தக் காலத்தில் ஒரு குழு மட்டும் வருவதில்லை. சந்நிதியில் இருந்து வரும் பெரிய குழு, இடையில் முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தொடங்கும் குழுக்கள், ஐந்தாறு பேராகத் தனியே நடப்பவர்கள் என்று பலர் ஒரே வீதியில் முன்னும் பின்னுமாக வருவார்கள். "பாதயாத்திரைச் சாமிமார் வந்தார்களா?" என்று கோயிலில் கேட்டால், "நேற்றே போய்விட்டார்களே" என்று உண்மையாகவே பதில் வரும், ஆனால் போனது வேறு குழுவாக இருக்கும். குழுவை நடத்துபவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், சரியான பதில் கிடைக்கும். அதோடு அந்தக் குழுவில் வேறு இரண்டு பேருடைய போன் இலக்கங்களையும் வாங்கி வையுங்கள். முடிந்தால் ஒன்று டயலொக், மற்றது மொபிட்டெல் என்று இருக்கட்டும். திருகோணமலைக்கு வடக்கே கொக்கிளாய், தென்னமரவடி, புல்மோட்டைப் பக்கம் ஒன்று எடுபடாத இடத்தில் மற்றது எடுபடக்கூடும்.

இனி நாள் கணக்கு. சிலர் வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை வைத்துக் கணக்குப் போடுவார்கள். பொங்கலுக்கு நின்று புறப்படும் குழுவும் உண்டு, நிற்காமல் வரும் குழுவும் உண்டு, ஆகவே அதை நம்ப முடியாது. பின்னால் இருந்து கணக்குப் போடுவதே பத்திரம். கதிர்காமத்துக்கு முன் காட்டு விளிம்பில் உள்ள உகந்தையில் இருந்து குமண, யால காட்டுக்குள் போகும் பாதை குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். அந்த நாளை ஒவ்வொரு வருடமும் கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி அறிவிப்பார்கள். 2025 இல் ஜூன் 20 திறந்து ஜூலை 4 மூடினார்கள். எல்லாக் குழுவும் அந்த நாளைப் பார்த்தே நடையை இறுக்குவதும் தளர்த்துவதும். திருகோணமலையில் இருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர், அங்கிருந்து பொத்துவில் இன்னும் 100 க்கு மேல், பொத்துவிலில் இருந்து பாணமை தாண்டி உகந்தை 30 சொச்சம். நாளுக்கு 15 கிலோமீற்றர் என்று வைத்தால் 18 நாள். சித்தாண்டி, மாமாங்கம், திருக்கோவில் போன்ற இடங்களில் ஓய்வுக்கு நிற்பதையும் சேர்த்தால் மூன்றரை வாரம். பாதை திறக்கும் நாளில் இருந்து மூன்றரை வாரம் பின்னால் எண்ணினால், அவர்கள் திருகோணமலையைத் தாண்டும் வாரம் கிடைத்துவிடும்.

மற்றப் பக்கத்தில் இருந்தும் சரிபார்க்கலாம். வற்றாப்பளையில் இருந்து திருகோணமலைக்கு கொக்கிளாய்க் கடலேரியைச் சுற்றி வந்தால் 100 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். அம்மம்மாவின் நடையில் ஒரு வாரம் முதல் பத்து நாள். அதனால் இன்று நாளையென்று ஓடி வராதீர்கள். குழு புல்மோட்டைக்கு வந்துவிட்டது என்று தெரிந்தவுடன் கொழும்பில் இருந்து கிளம்பினாலே போதும். புல்மோட்டையில் இருந்து திருகோணமலை 55 கிலோமீற்றர் அளவு, அவர்களுக்கு அது மூன்று நான்கு நாள் நடை.

அப்போ எந்த இடம்? குச்சவெளிக்கு வடக்கே போக வேண்டாம் என்பது என் கருத்து. தென்னமரவடி, புல்மோட்டைப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த நீளமான வீதி, யானை வரும் இடங்களும் உண்டு. தனியாக வரும் பெண் பின்னேரத்தில் அங்கே பஸ்ஸால் இறங்கி, குழு வராவிட்டால் இரவுக்கு என்ன செய்வது? குச்சவெளிக்கு இப்பால் கும்புறுப்பிட்டி, இறக்கக்கண்டி, நிலாவெளி, சாம்பல்தீவு, உப்புவெளி என்று ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பஸ் கிடைக்கும், ஓட்டோ கிடைக்கும், பிந்தினால் நகரத்துக்குத் திரும்பலாம்.

இந்த வீதித் துண்டில் நான் சொல்லும் இடம் இறக்கக்கண்டிப் பாலம். நிலாவெளிக்கு வடக்கே, கடலேரி கடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது. வடக்கில் இருந்து கரையோரமாக வரும் எவரும் அதைத் தவிர்க்க முடியாது. திருகோணமலை பஸ் நிலையத்தில் புல்மோட்டை அல்லது குச்சவெளி பஸ் ஏறினால் பாலத்தடியில் இறங்கலாம். ஆனால் முதல் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடும். முதல் நாளே நிலாவெளியில் ஓர் அறை எடுத்துத் தங்கி, விடிய 5 மணிக்கு முன் ஓட்டோவில் பாலத்துக்கு வந்துவிடுங்கள். ஓட்டோக்காரரிடம் முதல்நாள் பின்னேரமே பேசி வையுங்கள். இருட்டில் முதலில் சத்தம்தான் வரும், ஆள் தெரியாது. பிறகு ஒன்றிரண்டு ரோர்ச் வெளிச்சம் ஆடி ஆடி வரும். அதற்குப் பின்னால் தலையில் மூட்டை, தோளில் துணிப்பை, கையில் தடியோடு வரிசை நீளும். வேலைக் கண்டதும் ஊர்ச் சனம் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து சாமிமாரின் காலில் ஊற்றுவார்கள். நீங்களும் ஒரு குடம் தண்ணீரோடு நின்றால் நல்லது. காத்திருக்கிற ஆளாக அல்லாமல் வரவேற்கிற ஆளாக நிற்பீர்கள்.

இரவு தங்கலைப் பொறுத்தவரை, நிலாவெளியில் இன்ன கோயில், நகரத்தில் இன்ன மண்டபம் என்று எல்லாக் குழுவுக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு குழுவுக்கும் தலைமுறையாகப் பழகிய கோயில் உண்டு. அந்தக் கோயிலில் திருவிழா நடந்தால் பக்கத்துக் கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ மாறுவார்கள். நகரத்துக்குள் விசாரிக்க நல்ல இடங்கள் பத்திரகாளி அம்மன் கோயிலும் வில்லூன்றி முருகன் கோயிலும். யாருடைய குழு எங்கே தங்குகிறது, அன்னதானம் யார் கொடுக்கிறார்கள் என்பது அங்கே பின்னேரப் பூசைக்கு வருபவர்களுக்குத் தெரியும். ஐயரைவிட, மடப்பள்ளியில் சமைப்பவர்களைக் கேளுங்கள். எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்ற தகவல் அவர்களுக்கு ஒரு நாள் முன்பே வந்திருக்கும்.

கோணேசர் கோயிலையும் பலர் சந்திக்கும் இடமாகக் குறிப்பார்கள். சாமிமார் அங்கே கட்டாயம் போவார்கள், சரிதான். ஆனால் மலைக்கு மேலே நின்று ஒருவரைத் தேடுவது கடினம். சனி, ஞாயிறு நாட்களில் சுற்றுலாச் சனமும் கடைகளும் வாகனங்களுமாக நெரிசல், மத்தியானத்தில் நடையும் சாத்திவிடுவார்கள். "கோட்டை வாசலில்" என்று சொல்லி வையுங்கள். கோணேசர் மலைக்கு ஏற வேண்டுமென்றால் ஃபிரெட்ரிக் கோட்டையின் அந்த ஒரே வாசலால்தான் உள்ளே போக வேண்டும். பாலத்துக்குச் சொன்ன அதே கணக்குத்தான் இதற்கும். பஸ் நிலையத்தில் இருந்து நடக்கும் தூரம், வெளியே நிழலும் உண்டு.

தங்கும் மண்டபம் எப்படி இருக்கும் என்று தெரிந்து வந்தால் உங்களுக்குச் சங்கடம் இருக்காது. பாய், தலையணை என்று எதுவும் இராது. சீமெந்துத் தரை, ஒரு பக்கம் பெண்கள், மறு பக்கம் ஆண்கள். தூணுக்குத் தூண் கயிறு கட்டி அன்று தோய்த்த காவித் துணிகள் காயும். வேலை வேப்பிலையோடு ஓர் ஓரத்தில் சாத்தி, அதன் முன் விளக்கேற்றி வைத்திருப்பார்கள். அதற்குக் காலை நீட்டிப் படுக்காதீர்கள். கிணற்றடியில் வரிசை இருக்கும், பெண்கள் பொழுது படுவதற்குள் குளித்துவிடப் பார்ப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் சத்தம் அடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் கால்களைப் பார்ப்பீர்கள். குதிக்கால் வெடித்து, பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து, அதில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசிக்கொண்டு, அம்மம்மாமார் ஒருவர் காலை மற்றவர் மடியில் வைத்து முள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் தோழியின் அம்மம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், வெந்நீரில் உப்புப் போட்டு அவருடைய காலை அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். நீங்கள் கொழும்பில் இருந்து வாங்கி வரும் எதையும்விட அது பெரிய உதவி.

மெல்லிய விரிப்பு ஒன்று, ரோர்ச், நுளம்புக்குப் பூசும் மருந்து, மாற்றுடை இவை போதும். முழங்காலுக்குக் கீழே வரும் உடை, சுடிதாரோ பாவாடையோ எதுவானாலும் சரி. மச்சம் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம், குழு முழுவதும் விரதம். கோயில் வளவுக்குள் இருக்க முடியாத நாளாக அது அமைந்துவிட்டால் குழுவில் உள்ள பெண்களிடம் நேரே சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு விறாந்தையில் இடம் ஒழுங்கு செய்து தருவார்கள், இத்தனை வார நடையில் அது அவர்களுக்குப் புதிதல்ல. முக்கியமாக, குழுத் தலைவரிடம் முன்பே ஒரு சொல் கேட்டுவிட வேண்டும்: "நான் இன்னாரின் தோழி, ஓர் இரவு தங்கி நாளைக்கு இன்ன இடம் வரை நடக்கலாமா?" அவர் மறுக்கப் போவதில்லை. ஆனால் குழுவில் எத்தனை பேர் என்பதற்கு அவர்தான் பொறுப்பு. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

என்ன கொண்டு வருவது என்று கேட்டிருந்தீர்கள். பெட்டி பெட்டியாக பிஸ்கட் வேண்டாம். அதை யாரோ ஒருவர் சுமக்க வேண்டும், கடைசியில் வழியில் உள்ள பிள்ளைகளுக்குத்தான் போகும். ஜீவனிப் பைக்கற்றுகள் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), பிளாஸ்டர், பஞ்சு, நோவுக்குப் பூசும் சித்தாலேப, தேசிக்காய், கொஞ்சம் பனங்கட்டி, சார்ஜ் ஏற்றிய பவர் பாங்க் ஒன்று. அன்று அன்றே தீர்ந்துபோகிற மாதிரி செவ்விளநீர் வாங்கிக் கொடுத்தால் எல்லாரும் குடிப்பார்கள்.

இனி மறுநாள் நடை. திருகோணமலை நகரத்தில் இருந்து சீனக்குடா, வெள்ளைமணல் வழியாகக் கிண்ணியாப் பாலம் வரைக்கும் நடங்கள் என்பேன். ஏறத்தாழ 20 கிலோமீற்றர். பழக்கம் இல்லாத காலுக்கு அது முழு நாள் வேலை. முடியாவிட்டால் சீனக்குடாவில் நின்று பஸ் ஏறிவிடலாம். நேர்த்திக்கடன் இல்லாதவர் செருப்போடு நடப்பதை யாரும் தடுப்பதில்லை, கூச்சப்பட்டு வெறுங்காலில் இறங்காதீர்கள். 9 மணிக்குப் பிறகு தார் கொதிக்கும்.

மூதூருக்கு லாஞ்சில் போன காலம் ஒன்று இருந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலமும், அதன் பிறகு மற்றப் பாலங்களும் திறந்ததும் தரைவழி முழுமையாக இணைந்துவிட்டது. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். குடாவில் இருந்து வரும் காற்று அதன் நடுவில் உங்களைத் தள்ளும், தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பாலத்தைத் தாண்டினால் கிண்ணியா, முஸ்லிம் ஊர். சாமிமார் வருவதைக் கண்டால் கடைக்காரர்கள் தண்ணீரும் பிளேன்டீயும் கொடுப்பார்கள். அதை வாங்கிக் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்காதீர்கள். கிழக்கில் இந்த வீதி இன்றும் நடக்கக் கூடியதாக இருப்பது அந்தக் கைகளாலும்தான். கிண்ணியாவில் இருந்து திருகோணமலைக்குத் திரும்பப் பஸ் தாராளம்.

இத்தனையும் பார்த்துச் செய்தும் தவறவிட்டால் கலங்க வேண்டாம், முன்னால் போய்க் காத்திருக்க இன்னும் இரண்டு நல்ல இடங்கள் இருக்கின்றன. முதலாவது வெருகல். கிண்ணியாவுக்குப் பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களைத் தாண்டி மூதூர் வரும். மூதூரில் இருந்து கட்டைபறிச்சான், சம்பூர் என்று கரைப்பக்கமாகவும் போகலாம், கிளிவெட்டி வழியாக உள்வீதியாலும் போகலாம். அதனால் அந்த இடைவெளியில் தேடாதீர்கள். இரண்டு வழியும் வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் கூடும். முருகன் கோயில், பக்கத்தில் ஆறு, எந்தக் குழுவும் அங்கே நிற்காமல் போக மனம் வராது. திருகோணமலை, மட்டக்களப்புக்கு இடையே ஓடும் பஸ்ஸில் போய் இறங்கலாம். பின்னேரம் தனியாக ஆற்றங்கரைப் பக்கம் போகாதீர்கள், யானை உள்ள இடம்.

இரண்டாவது உகந்தை. காட்டுப் பாதை திறக்கும் நாளுக்கு முன் எல்லாக் குழுவும் உகந்தை முருகன் கோயிலைச் சுற்றிக் கூடாரமும் மரநிழலுமாகக் குவிந்து நிற்கும். அங்கே சந்திக்காமல் போவது மிகக் கடினம், ஆனால் சனத்துக்குள் தேட அரை நாள் வேண்டும். பொத்துவில், பாணமை வழியாகப் போக வேண்டும். அவர்கள் காட்டுக்குள் இறங்கிவிட்டால் கதிர்காமம் சேரும் வரை போன் எடுபடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கு முன் உங்கள் கையில் உள்ளது திருகோணமலையும் வெருகலும் உகந்தையும்தான்.

தோழிக்கு இன்றைக்கே செய்தி அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், எஸ்எம்எஸ் அனுப்புங்கள். கவரேஜ் ஒரு நிமிடம் வந்து போனாலும் அது போய்ச் சேரும். "யாருடைய குழு? அவருடைய இலக்கம் அனுப்பு. புல்மோட்டைக்கு வந்ததும் ஒரு மிஸ்ட் கோல் தா. நான் நிலாவெளிக்கு வந்து, நீங்கள் கடக்கிற அன்று விடிய 5 மணியில் இருந்து இறக்கக்கண்டிப் பாலத்தின் தெற்குப் பக்கம் நிற்பேன். அங்கே தவறினால் நீங்கள் நகரத்துக்கு வருகிற நாள் பின்னேரம் கோட்டை வாசல், அதுவும் தவறினால் வெருகல் கோயில்." இடங்களை இந்த வரிசையில் எழுதுங்கள், அப்புறம் போன் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.